மருதப்பன் இன்ஜின் பார்த்த கதை

மருதப்பனோடு ஒருமுறை ஹோட்டலுக்குப் போனவர்கள் இரண்டாம் முறை அவரைக் கூப்பிடுவதில்லை. மனிதர் கஞ்சம் என்று நினைத்துவிட வேண்டாம். சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டு பக்கம் எந்த ஹோட்டலிலும் அவர் பில்லை அடுத்தவர் கொடுக்க விட்டதில்லை. சிக்கல் அதற்கு முன்னாலேயே வந்துவிடும். தோசை சாதாவா, முறுகலா, வெங்காயம் போட்டதா என்று சப்ளையர் கேட்பார். மருதப்பன் மூன்றையும் மனசுக்குள்ளேயே கல்லில் ஊற்றி, திருப்பிப் போட்டு, எடுத்துத் தின்றும் பார்ப்பார். அதற்குள் சப்ளையர் பக்கத்து மேசைக்குச் சாம்பார் ஊற்றிவிட்டு வந்துவிடுவார். கடைசியில், "நீங்களே நல்லதாப் பாத்துக் கொண்டாங்க" என்பார் மருதப்பன். வருவது எதுவானாலும், மற்றதைச் சொல்லியிருக்கலாமோ என்று கை கழுவுகிற வரைக்கும் யோசிப்பார்.

பிறவிக் குணம் அது. பெண் பார்க்கச் சிவகிரிக்குப் போனபோதும் கேசரியைத் தின்றுவிட்டு, "யோசிச்சுச் சொல்லுதோம்" என்று எழுந்து வந்தார். பெண்ணைப் பிடிக்காமல் இல்லை. ரொம்பப் பிடித்திருந்தது. ஆனாலும் யோசித்தார். சித்திரையில் பார்த்த பெண்ணுக்கு ஆவணி வரைக்கும் பதில் இல்லை. பொறுத்துப் பொறுத்துப் பார்த்த அந்தப் பெண்ணே தெரிந்தவர் மூலம் சொல்லி அனுப்பிவிட்டாள்: "வாராகளா இல்லையான்னு கேளுங்க. கார்த்திகையில எங்க தோட்டத்துல பூ எடுப்புக்கு ஆள் பத்தாது, அதுக்கு முன்னால கல்யாணத்த முடிச்சாத்தான் உண்டு." அப்படி வந்து சேர்ந்தவள்தான் கோமதியம்மாள். அவர்களுக்குப் பிறந்த பையனுக்குப் பெயர் வைக்க மருதப்பன் எடுத்துக்கொண்ட காலத்தில் பையன் நடக்க ஆரம்பித்து, பேச ஆரம்பித்து, பள்ளிக்கூடத்துக்கே போய்விட்டான். வீட்டில் எல்லோரும் தம்பி, தம்பி என்று கூப்பிடுவதைக் கேட்ட ஹெட்மாஸ்டர் தம்பிராஜா என்று எழுதிக்கொண்டார். தம்பிராஜா இப்போது திருப்பூரில் இருக்கிறான்.

கேலி செய்தால் மருதப்பன் கோபப்பட மாட்டார். "பதறாத காரியம் சிதறாது" என்பார். "ஆறின கஞ்சி பழங்கஞ்சி" என்று அடுப்படியிலிருந்து பதில் வரும்.

அப்பேர்ப்பட்டவருக்குப் போன கார்த்திகையில் ஒரு சோதனை வந்தது.

அவர்களுடைய பிச்சிப்பூத் தோட்டம் கரிவலம்வந்தநல்லூர்ப் பக்கம் இருக்கிறது. தோட்டம் நல்ல செவல் மண். அங்கே போகிற பாதைதான் கரிசல். தார் ரோட்டை விட்டு இறங்கினால் ஒரு மைலுக்குக் கொஞ்சம் கூடவே வரும். வெயில் காலத்தில் மொபட்டில் பாட்டுப் பாடிக்கொண்டு போகலாம். நாலு தூறல் விழுந்துவிட்டால் செருப்புப் போட்டுப் போனவர் செருப்பில்லாமல் வருவார். செருப்பில்லாமல் போனவர் கரிசலையே செருப்பாகப் போட்டுக்கொண்டு வருவார். மொபட் சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் நடுவில் மண் அப்பி வண்டி நட்ட கல்லாக நின்றுவிடும். டிராக்டர் போக அகலம் கிடையாது, இரண்டு பக்கமும் அடுத்தவர் வரப்பு. பூவோ காத்திருக்காது. விடியும் முன்னால் பறித்ததை ஏலம் முடிவதற்குள் சங்கரன்கோவில் பூ மார்க்கெட்டில் சேர்க்காவிட்டால் ஆட்டுக்குத்தான் போட வேண்டும்.

அதனால் மழைக் காலத்தில் தார் ரோடு வரைக்கும் பூ மூட்டை போனது கோமதியம்மாள் தலையில். மருதப்பனுக்குச் சின்ன வயதிலேயே இடுப்புப் பிசகி, கனத்தைத் தூக்க முடியாது. போன கார்த்திகையில் ஒரு முகூர்த்த நாள் காலையில் மூட்டையோடு வழுக்கி விழுந்தாள். மூட்டையைக் காப்பாற்றக் கையை ஊன்றினாள். மணிக்கட்டு போய்விட்டது. மாவுக்கட்டுப் பிரித்த பிறகும் கை லேசாகக் கோணலாகத்தான் நின்றது.

"இனிமே தலையில ஒரு பூவக்கூட வைக்க மாட்டேன். அடுத்த மழைக்குள்ள வண்டிக்கு ஒரு வழி பண்ணுங்க. இல்லைன்னா செடிய வெட்டிப் போட்டுட்டு மக்காச்சோளம் போடுங்க" என்று சொல்லிவிட்டாள்.

அந்தச் செடிகள் அவள் பிறந்த வீட்டிலிருந்து பதியன் கொண்டுவந்து வைத்து வளர்த்தவை. அவற்றை அவள் வெட்டவிட மாட்டாள் என்று மருதப்பனுக்குத் தெரியும். மழை வந்தால் யாரிடமும் சொல்லாமல் மறுபடியும் மூட்டையைத் தூக்கித் தலையில் வைப்பாள் என்பதும் தெரியும்.  வாழ்நாளில் முதல் முறையாக யோசிக்காமல் ஒரு வார்த்தை சொன்னார்: "வண்டி வாங்கிருவோம்."

எந்த வண்டி என்பதில்தான் பழைய மருதப்பன் திரும்பி வந்தார்.

குற்றாலம் பக்கத்து ரிசார்ட்டுகளில் பிள்ளைகள் காசு கொடுத்துச் சேற்றில் உருட்டி விளையாடுகிற நாலு சக்கர பைக் ஒன்று உண்டு. ஏடிவி என்பார்கள். ஊதின தவக்களை மாதிரி குட்டையாக, அகலச் சக்கரமாக இருக்கும். தார் ரோட்டில் ஓட்ட அனுமதி கிடையாது. மேடு, பள்ளம், சேறு, எதிலும் ஓடும். நமக்குச் சேறு சும்மாவே கிடைக்கும்போது இந்த வண்டியை விடலாமா என்று மருதப்பனுக்குத் தோன்றியது. விசாரித்ததில் அதில் இரண்டு வகை என்று தெரிந்தது. ஒன்று கார்புரேட்டர் வைத்தது. இன்னொன்று எஃப்ஐ, அதாவது இன்ஜெக்டர் வைத்துக் கம்ப்யூட்டர் பெட்ரோல் அளக்கிறது. ஒன்றே ஒன்றுதான் என்று யாராவது பொய் சொல்லியிருந்தால் அன்றைக்கே வாங்கியிருப்பார்.

கார்புரேட்டர் கட்சிக்குத் தலைவர் ஞானதுரை. ராஜபாளையம் ரோட்டில் மெக்கானிக் கடை வைத்திருக்கிறவர். மூடிப்போன ரிசார்ட் ஒன்றில் கிடந்த பழைய ஏடிவி அவர் கைக்கு வந்திருந்தது.

"அண்ணாச்சி, கார்புரேட்டர்னா கைப்பக்குவம் மாதிரி. இன்ஜின் மூச்சு இழுக்கும்போது பெட்ரோலையும் காத்தையும் அதுவே கலந்து கொடுக்கும். குறைஞ்சா ஸ்குரூவ ஒரு திருகு, கூடுனா இன்னொரு திருகு. அடைச்சுக்கிட்டா நாலு ஸ்குரூவக் கழட்டி ஊதிவிட்டாப் போதும். எஃப்ஐ அப்படி இல்ல. அதுக்கு பேட்டரி வேணும், பம்பு வேணும், சென்சார் வேணும். நடுப்பாதையில நின்னுதுன்னா அதோட மனசுல என்ன இருக்குன்னு கம்ப்யூட்டர மாட்டித்தான் கேக்கணும்."

மருதப்பன் தலையாட்டினார். அதே தலையோடு திருநெல்வேலிக்கு போன் போட்டார். அவருடைய கூடப்பிறந்த தம்பியின் மகள் காவியா அங்கே ஒரு பைக் ஷோரூமில் சர்வீஸ் பிரிவில் இருக்கிறாள். எஃப்ஐ கட்சி.

"பெரியப்பா, மழைக்குளிர்ல விடியக் காலையில கார்புரேட்டர் வண்டிய எழுப்பணும்னா சோக்க இழுத்து, ஆக்சிலேட்டர முறுக்கி, சாமியக் கும்பிட்டு நிக்கணும். எஃப்ஐன்னா ஒரே அமுக்கு. எவ்வளவு பெட்ரோல் வேணும்னு அதுவே அளந்து ஊத்திக்கிடும். மைலேஜும் கூட. கார்புரேட்டர் வண்டிய வெயில் காலத்துல சும்மா போட்டுவச்சா உள்ள பெட்ரோல் பிசின் மாதிரி ஒட்டிக்கிடும். எஃப்ஐல அந்தத் தொல்லை கம்மி. யாரு வேணும்னாலும் கேட்டுப் பாருங்க."

யாரை வேண்டுமானாலும் கேட்கலாம் என்று மருதப்பனிடம் சொல்லவே கூடாது. டீக்கடையில் கேட்டார். ரேஷன் கடை வரிசையில் கேட்டார். பல் பிடுங்கப் போன இடத்தில், வாயில் பஞ்சை வைத்துக்கொண்டு டாக்டரிடமும் கேட்டார். டாக்டர் எஃப்ஐ என்றார், கம்பவுண்டர் கார்புரேட்டர் என்றார். வெயில் காலம் முழுக்க ஞானதுரை கடையில் ஒரு கவிழ்த்துப் போட்ட வாளி மேல் உட்கார்ந்து, அவர் கழற்றுகிற கார்புரேட்டரை எல்லாம் எட்டி எட்டிப் பார்த்தார். "இது என்னது? அது எதுக்கு?" என்று கேட்கிற கேள்விக்குப் பதில் சொல்லிச் சொல்லி ஞானதுரைக்கு வாய் வலித்தது. ஒரு கட்டத்தில், இவரைப் பேசாமல் வைப்பதற்காகவே கையில் ஒரு ஸ்க்ரூ டிரைவரைக் கொடுத்துக் கழற்றச் சொல்லிவிட்டார்.

ஆடித் தபசும் வந்து போனது. பதில் வரவில்லை. கடைசியில் மருதப்பன் பாரத்தைத் தூக்கிச் சாமி மேல் போடுவது என்று முடிவு கட்டினார். வெள்ளைப் பூ வந்தால் எஃப்ஐ, சிவப்புப் பூ வந்தால் கார்புரேட்டர். இரண்டையும் தனித்தனியாகப் பொட்டலம் கட்டி, சங்கரநாராயணர் சன்னதியில் வைத்துக் கும்பிட்டு, கும்பிட வந்திருந்த ஒரு சின்னப் பிள்ளையை விட்டு ஒன்றை எடுக்கச் சொன்னார். வெள்ளை வந்தது. மருதப்பனுக்கு உடனே சிவப்பின் மேல் பிரியம் பொங்கிவிட்டது. அது வெள்ளோட்டம்தான் என்று மறுபடியும் கட்டிப் போட்டார். சிவப்பு வந்தது. மூன்றாம் தடவைக்குப் பிள்ளையைத் தேடினால், அதன் அம்மா இழுத்துக்கொண்டு போயிருந்தாள்.

அம்மன் சன்னதிக்குப் போய்விட்டு வந்த கோமதியம்மாள் விஷயத்தைக் கேட்டுவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள்.

"இந்தச் சாமியே ஒருபாதி சிவன், ஒருபாதி பெருமாள்னு நிக்கு. ரெண்டுல எது ஒசத்தின்னு சண்டை போட்டவங்களுக்கு, ரெண்டும் ஒண்ணுதாம்லேன்னு காட்டுன சாமி. அதுகிட்டயே வந்து ரெண்டுல ஒண்ணச் சொல்லுன்னு கேக்கீங்களே!"

அவள் கையில் புற்று மண் பொட்டலம் இருந்தது. கோயிலில் கொடுக்கிற அந்தப் பிரசாதம் இல்லாமல் அவள் வீடு திரும்பியதே கிடையாது. செக்கச் செவேலென்று மாவு மாதிரி இருக்கும். பாம்பு அண்டாமல் இருக்க வாசலில் தூவுவாள். தலைவலிக்கு நெற்றியில் பூசுவாள். வயிற்று வலிக்குத் தண்ணீரில் கரைத்துக் கொடுப்பாள். மாடு தீவனம் எடுக்காவிட்டால் தவிட்டில் இரண்டு விரலால் ஒரு நுள்ளு. போர் மோட்டார் புதிதாக இறக்கியபோது அதன் தலையிலும் ஒரு நுள்ளு. மருதப்பனே கல்யாணமான நாளிலிருந்து அதைக் கரைத்துக் குடித்து வளர்ந்தவர்தான். எந்த நோய் எதனால் குணமானது என்று அந்த வீட்டில் யாரும் ஆராய்ச்சி செய்வதில்லை.

புரட்டாசி முடியப் போகிறது. ஞானதுரைக்கே பொறுமை போய்விட்டது. ஒரு நாள் லோடு ஆட்டோவில் ஏடிவியை ஏற்றி வந்து தோட்டத்தில் இறக்கிவிட்டார்.

"அண்ணாச்சி, மழை ஆரம்பிச்சிருச்சு. கொஞ்ச நாள் ஓட்டிப் பாருங்க. பிடிச்சா வச்சுக்கிடுங்க, பிடிக்காட்டி எடுத்துட்டுப் போறேன். பெட்ரோல் லைன்ல ஃபில்டர் ஒடைஞ்சு கெடந்தது, கழட்டிட்டேன். புதுசு வந்ததும் மாட்டித் தாரேன்."

காவியாவும் அன்றே போன் செய்தாள். புது எஃப்ஐ வண்டி ஒன்றுக்குச் சொல்லி வைத்திருக்கிறாளாம், சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதுமாம். மருதப்பன் இரண்டு பேரிடமும் ஒரே பதிலைத்தான் சொன்னார்: "யோசிச்சுச் சொல்லுதேன்."

தவக்களை வண்டி சேற்றில் நன்றாகவே ஓடியது. முன்னால் மருதப்பன், நடுவில் பூ மூட்டை, பின்னால் கோமதியம்மாள். காலையில் அதை எழுப்புவதற்குக் காவியா சொன்னபடியே சாமி கும்பிட வேண்டியிருந்தது. ஆனால் எழுந்துவிட்டால் கரிசலைத் தோசை மாவாகக் கலக்கிக்கொண்டு போய்த் தார் ரோட்டில் நிறுத்தும். அங்கே புளிய மரத்தடியில் மொபட் காத்திருக்கும். கோமதியம்மாள் முகத்தில் சிரிப்பு வந்ததை மருதப்பன் பார்த்தார். எஃப்ஐ ஆக இருந்தால் இன்னும் கொஞ்சம் கூடச் சிரிப்பாளோ என்றும் யோசித்தார்.

ஐப்பசியில் ஒரு முகூர்த்த நாள். நல்ல மழை, நல்ல பூ. பாதி வழியில் வண்டி இருமியது. இன்னொரு முறை இருமியது. பிறகு பேச்சு மூச்சில்லை. மருதப்பன் சோக்கை இழுத்தார், அமுக்கினார், தட்டினார், கெஞ்சினார். தவக்களை அசையவில்லை. முன்னாலும் பின்னாலும் ஆள் அரவம் இல்லாத கரிசல் காடு. கார்புரேட்டரா எஃப்ஐயா என்பதில் எஃப்ஐதான் சரியோ என்று அந்த மழையிலும் அவருக்கு ஒரு யோசனை ஓடியது.

பின்னால் சத்தம் கேட்கவில்லையே என்று திரும்பிப் பார்த்தார். கோமதியம்மாள் இறங்கி நின்று, மழைக்குக் கொங்காணியாகத் தலையில் கவிழ்த்திருந்த சாக்குக்கு மேலேயே துண்டைச் சுருட்டிச் சும்மாடு வைத்துக்கொண்டிருந்தாள். பிறகு குனிந்து, கோணல் கையை மூட்டைக்கு அடியில் கொடுத்தாள். வலியில் அவள் உதடு மடிந்தது. ஒரு பூவைக்கூடத் தலையில் வைக்க மாட்டேன் என்றவள், மொத்த மூட்டையையும் தூக்கிவிட்டாள்.  போன கார்த்திகையிலிருந்து யோசித்து யோசித்து இவளை மறுபடியும் இதே சேற்றில் கொண்டுவந்து நிறுத்திவிட்டோமே என்று மருதப்பனுக்குத் தன் மேலேயே ஆத்திரம் வந்தது.

"ஏட்டி, அத இறக்கு."

"நீங்க யோசிச்சு முடிக்கதுக்குள்ள பூ வாடிரும்."

"யோசிக்கல. இறக்குன்னா இறக்கு. அந்தச் சாக்க எடுத்து இதுக்கு மேல பிடி, தண்ணி விழக்கூடாது."

அந்தக் குரலை அவள் கேட்டதே இல்லை. மூட்டையை இறக்கிவிட்டு, தலையில் கொங்காணி போட்டிருந்த சாக்கை எடுத்து இன்ஜினுக்கு மேலே விரித்துப் பிடித்தாள். மழை அவள் மேல் விழுந்தது.

சீட்டுக்கு அடியில் ஞானதுரை போட்டு வைத்திருந்த ஸ்க்ரூ டிரைவரும் ஸ்பேனரும் கிடந்தன. மருதப்பன் பெட்ரோலை அடைத்தார். கிளிப்பைத் தளர்த்திக் கார்புரேட்டரைச் சாய்த்தார். ஒரு கோடை காலம் முழுக்க வாளி மேல் உட்கார்ந்திருந்த மனிதருக்குக் கை தானாகவே போயிற்று. நாலு ஸ்குரூ கழன்றது. அடியில் இருக்கும் சின்னக் கிண்ணம் கையோடு வந்தது.

கிண்ணத்தின் அடியில் மண் படிந்திருந்தது. பாதை மண் என்றால் கறுப்பாக இருக்க வேண்டும், தோட்டத்துச் செவல் என்றால் நறநறக்க வேண்டும். இது செக்கச் செவேலென்று மாவு மாதிரி இருந்தது. எங்கேயோ பார்த்த மண்ணாக இருக்கிறதே என்று மருதப்பன் விரலால் தேய்த்துப் பார்த்துக்கொண்டிருக்கும்போது, மேலே இருந்து கோமதியம்மாள் தைரியம் சொன்னாள்.

"பயப்படாதீங்க, வண்டிக்கு ஒண்ணும் ஆகாது. நேத்து சாயந்திரம் டேங்குல ஒரு நுள்ளு புத்து மண்ணு போட்டுத்தான் வச்சிருக்கேன். பாதையெல்லாம் பாம்பு கெடக்குல்லா. நீங்க பாட்டுக்கு முன்னால காலத் தொங்கப் போட்டுக்கிட்டு வாரீங்க."

மருதப்பனுக்குச் சுர்ரென்று வந்தது. நிமிர்ந்து பார்த்தார். கோணல் கை சாக்கை விடாமல் பிடித்திருந்தது. மூக்கு நுனியில் மழைத் தண்ணீர் சொட்டியது. அவருடைய காலைப் பாம்பு கடித்துவிடக் கூடாது என்று ஒருத்தி வண்டிக்கு மருந்து கொடுத்திருக்கிறாள். வந்தது அப்படியே திரும்பிப் போய்விட்டது.

"என்னது அது, உள்ள?" என்றாள்.

"தண்ணி இறங்கியிருக்கு" என்றார் மருதப்பன். கிண்ணத்தை வேட்டி நுனியால் துடைத்தார். குண்டூசி பருமன் துளையுள்ள ஜெட்டைக் கழற்றி வாயில் வைத்து ஊதினார். பெட்ரோலும் புற்று மண்ணும் சேர்ந்து நாக்கில் பட்டது. பாதி பழகின ருசிதான். எல்லாவற்றையும் மாட்டி, பெட்ரோலைத் திறந்து, சோக்கை இழுத்து அமுக்கினார். வண்டி இரண்டு தடவை செருமிவிட்டுக் கிளம்பியது. ஏலம் முடிவதற்குள் பூ போய்ச் சேர்ந்தது.

மார்க்கெட்டில் நின்றுகொண்டே ஞானதுரைக்கு போன் போட்டார். "வண்டிய நானே வச்சுக்கிடுதேன். ஃபில்டர மட்டும் மறக்காம மாட்டிக் கொடு, நல்ல பெரிய ஃபில்டரா."  "அண்ணாச்சி, உடம்புக்கு ஒண்ணும் இல்லையே?" என்று கேட்டார் ஞானதுரை.

காவியாவிடம் மட்டும் காரணத்தைச் சொன்னார். அவள் சிரித்த சிரிப்பில் போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடிக்க வேண்டியதாயிற்று. "பெரியப்பா, எஃப்ஐதான் நல்ல இன்ஜின். அதுல மாத்தமே இல்ல. ஆனா பெரியம்மா இருக்க வீட்டுக்கு அது தாங்காது. பம்பு போயி, இன்ஜெக்டரும் அடைச்சு, எங்க ஷோரூம்லயே வந்து படுத்திருக்கும்" என்றாள். மருதப்பனும் எஃப்ஐதான் உயர்ந்தது என்று இன்றைக்கும் ஒத்துக்கொள்வார். டேங்கில் மண் போடாதே என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிகிற காரியம்தானே என்றும் கேட்கலாம். அவர் அதை மட்டும் யோசிக்கவே இல்லை. அன்றைக்கு வீட்டுக்குத் தெரியாமல் டேங்கை இறக்கிக் கழுவினார். இப்போதும் ஒவ்வொரு தடவை கோமதியம்மாள் கோயிலுக்குப் போய் வந்த மறுநாள், பம்பு செட் மறைவில் நாலு ஸ்குரூவைக் கழற்றி மாட்டுகிறார்.

அன்றைக்குச் சாயந்திரம் சாப்பாடு போடும்போது கோமதியம்மாள் கேட்டாள்.

"நின்ன வண்டி நின்ன எடத்துலயே திரும்பக் கெளம்பிச்சே. நான் புத்து மண்ணு போட்டு வச்சதாலதான?"

"ஆமா" என்றார் மருதப்பன்.

கரண்டி அப்படியே நின்றது. சோறு வேண்டுமா போதுமா என்பதற்கே ஒரு வாய் மென்று முடித்துப் பதில் சொல்கிற மனிதரை அவள் ஏற இறங்கப் பார்த்தாள்.

"என்ன, யோசிக்காமச் சொல்லுதீங்க?"

"இதுல யோசிக்க என்ன இருக்கு" என்று மருதப்பன் தட்டை நீட்டினார்.